செத்துப் பிழைத்தவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதயம் நின்று மீண்டும் துடித்துப் பிழைத்தவர்கள் கண்ட காட்சிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையையும், அதை மறுத்து அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதங்களையும் இரண்டு முறை படித்தேன். உயிர் உடலை விட்டுப் போய் வருகிறது என்பதற்கு இவையே சான்று என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். மறுத்தவர்களோ, ஆக்சிஜன் குறைந்த மூளையின் பிதற்றல் என்று ஒரே வரியில் தள்ளியிருந்தார்கள். காவிரி டெல்டாவின் அரசு மருத்துவமனைகளில் முப்பத்தொரு ஆண்டுகள் செவிலியராகவும், அவற்றுள் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். பிழைத்தவர் என்ன சொல்கிறார் என்பதை முழுதாகக் கேட்பதற்கு முன்பே இரு தரப்பாரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் பகுதியில் இது புதிய செய்தி அன்று. என் தாயாரின் ஊர் குடமுருட்டி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். அங்கே ‘செத்துப் பிழைத்தவர்’ என்றே அழைக்கப்பட்ட முதியவர் ஒருவர் இருந்தார். இளவயதில் விஷக்காய்ச்சல் கண்டு மூச்சு அடங்கிப்போக, கூடத்தில் கிடத்தி, பாடைக்குப் பச்சை மூங்கில் வெட்டி வர ஆட்கள் போன பிறகு, அவர் கண் விழித்தாராம். கறுத்த ஆட்கள் இருவர் கையைப் பிடித்து நெடுந்தூரம் நடத்திச் சென்றதாகவும், உயர்ந்த திண்ணையில் கணக்குப்பிள்ளை போல் ஒருவர் ஏட்டுக்கட்டைப் பிரித்துப் பார்த்து, “இவன் இல்லையடா, மேலத்தெருக்காரன்” என்று அதட்டியதாகவும், உடனே தம்மைப் பிடித்துத் தள்ளியதாகவும் அவர் சொல்வார். அன்று மாலையே மேலத்தெருவில் அதே பெயருடைய ஒருவர் இறந்துபோனார் என்று ஊரார் சேர்த்துச் சொல்வார்கள். சிறுமியாக அதைக் கேட்ட நான், செவிலியர் பயிற்சிக்குப் போன பிறகு வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்துத்தான், பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சனும் இந்தியாவில் திரட்டிய 16 பேரின் அனுபவங்களை 1986இல் ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறார்கள் என்று அறிந்தேன். பெரும்பாலும் வட இந்தியக் கிராமங்களில் திரட்டப்பட்டவை அவை. தூதர்கள் வந்து அழைத்துச் செல்வதும், ஏடு வைத்திருக்கும் ஒருவர்முன் நிறுத்துவதும், ஆள் மாறிவிட்டது என்று கண்டு திருப்பி அனுப்புவதும் அந்த வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. குடமுருட்டிக் கரையில் இருந்த எழுத்தறியாத முதியவரும், அவர் கேள்விப்பட்டே இராத ஊர்க்காரர்களும் ஒன்றையே சொல்லியிருக்கிறார்கள் என்பது என்னை உலுக்கியது. அன்றுமுதல், பிழைத்து எழுந்த நோயாளிகள் தாமாகச் சொன்னவற்றை, பெயரும் ஊரும் இன்றி, ஒரு குறிப்பேட்டில் எழுதி வரத் தொடங்கினேன். அது ஆய்வு ஆகாது. நான் கேட்டவற்றின் பதிவு, அவ்வளவே.

இந்த அனுபவங்களை முறையாகத் திரட்டியதில் முதல் ஆளாகச் சொல்லத்தக்கவர் மருத்துவர் அல்லர், சுவிட்சர்லாந்துப் புவியியலாளர் ஆல்பர்ட் ஹைம். ஆல்ப்ஸ் மலையில் தாமே சறுக்கி விழுந்து பிழைத்தவர். தம்மைப் போல் விழுந்து தப்பியவர்களின் கூற்றுகளைச் சேர்த்து அவர் 1892இல் வெளியிட்டார். விழும்போது வலியும் அச்சமும் இல்லை, காலம் நீண்டது, வாழ்ந்த வாழ்க்கை கண்முன் ஓடியது என்பதே அவற்றின் சாரம். இதயம் நின்றால்தான் இந்த அனுபவம் வரும் என்பதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அந்த அலையில் உருண்டு, ஒரு வேலிக்கருவைப் புதரில் சிக்கி மீண்ட ஒரு தாய், “தண்ணிக்குள்ள இருந்தப்ப பயமே இல்லம்மா, எல்லாம் மெதுவா, சத்தமே இல்லாம நடந்துச்சு, கரைக்கு வந்து புள்ளைகளத் தேடினப்பதான் நடுக்கம் எடுத்துச்சு” என்று என்னிடம் சொன்னார். அவர் ஹைமைப் படித்தவர் அல்லர்.

1975இல் அமெரிக்கரான ரேமண்ட் மூடி, இத்தகைய கூற்றுகளில் மீண்டும் மீண்டும் வரும் கூறுகளைத் தொகுத்துக் காட்டிய பிறகுதான் ‘மரண விளிம்பு அனுபவம்’ என்ற பொருள்படும் பெயர் உலகெங்கும் வழக்குக்கு வந்தது. 1983இல் மனநல மருத்துவர் புரூஸ் கிரேசன் 16 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் இரண்டு மதிப்பெண் வீதம் மொத்தம் 32. அவற்றில் ஏழோ அதற்கு மேலோ பெற்றால்தான் அதை மரண விளிம்பு அனுபவமாக ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். காலம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடியதா, உடலை விட்டுப் பிரிந்தது போல் இருந்ததா, இறந்துபோனவர்களைக் கண்டீர்களா, தாண்டினால் திரும்ப முடியாத எல்லை ஒன்றுக்கு வந்தீர்களா என்பன போன்ற எளிய கேள்விகள்தாம் அவை.

என் குறிப்பேட்டைப் புரட்டும்போது, அந்தக் கேள்விகள் பலவற்றுக்கு நம் மண்ணின் மொழியில் விடை இருப்பதைக் காண்கிறேன். முதலில் பெரும்பாலோர் சொல்வது வலி நின்றதைத்தான். நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றியது போல் இருந்த வலி ‘சட்டென்று அவிழ்ந்துவிட்டது’ என்றார் ஒரு நெல் வியாபாரி. மேலிருந்து தம் உடலையே பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அப்படிப் பார்த்தபோது அது வேறு யாருடைய உடலோ போல் இருந்தது என்றும், அதன்மேல் இரக்கமோ பற்றோ எழவில்லை என்றும் வியப்போடு சொன்னார்கள். கண்ணைக் கூசாத வெளிச்சம் பலருக்கும் வந்திருக்கிறது. வேளாங்கண்ணிப் பக்கத்து மீனவர் ஒருவர் அந்த வெளிச்சத்தை மாதா என்றார்; நாகூரைச் சேர்ந்த மூதாட்டி ஒருவருக்கு அதில் வெள்ளை உடுத்த தம் அத்தா தெரிந்தார். எல்லை என்று வரும்போது, மேலை நாட்டார் வேலி என்றும் கதவு என்றும் மூடுபனி என்றும் நீர்ப்பரப்பு என்றும் சொல்வதாகப் படித்திருக்கிறேன். நம்மவர்களிடம் நான் கேட்டவற்றில் ஆறுதான் அதிகம். அக்கரைப் படித்துறையில் இறந்துபோன அம்மா நின்றார், கை காட்டி வரவேண்டாம் என்றார் என்று இருவர் சொன்னார்கள். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டே வாழ்நாளைக் கழித்த ஒருவர் மட்டும், “மதகுப் பலகை எறங்கியிருந்துச்சு, அதுக்கு மேல போக முடியல” என்றார்.

இந்தக் கூறுகள் எல்லாம் எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் ஒரே வரிசையில் வருவதில்லை. தங்கள் கட்டுரை, முதலில் உடலை விட்டு வெளியேறுதல், பிறகு இருட்குகை, பிறகு ஒளி என்று படிக்கட்டு போல் அடுக்கியிருந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 154 பேரின் எழுத்து வாக்குமூலங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. அமைதி உணர்வு, ஒளி, யாரையோ சந்தித்தல் ஆகியன மிகுதியாக வந்தன. ஆனால் எல்லோருக்கும் பொதுவான வரிசை என்று ஒன்றை அவர்களால் காட்ட முடியவில்லை.

எத்தனை பேருக்கு வருகிறது என்பதிலும் மிகைப்படுத்தல் வேண்டாம். நெதர்லாந்தில் இதயநோய் மருத்துவர் பிம் வான் லொம்மல், பத்து மருத்துவமனைகளில் இதயம் நின்று மீட்கப்பட்ட 344 பேரை அடுத்தடுத்து விசாரித்து, 2001இல் வெளியிட்ட ஆய்வில் 62 பேர் மட்டுமே ஏதோ ஓர் அனுபவத்தைச் சொன்னார்கள். அதாவது நூற்றுக்குப் பதினெட்டு. மற்றவர்களுக்கு எந்த நினைவும் இல்லை. இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. “எங்க அப்பா ஒண்ணுமே பார்க்கலியாமே, சாமி அவரக் கண்டுக்கலியா சிஸ்டர்?” என்று ஒரு மகள் என்னிடம் கேட்டுக் கண்கலங்கியிருக்கிறார். ஒன்றும் பார்க்காமல் திரும்புவதே பெரும்பாலோரின் வழி என்று சொல்லி அவரைத் தேற்றினேன்.

கூறுகள் பொதுவாக இருந்தும், இடத்துக்கு இடம் அவை மாறுவதைத்தான் நான் இதில் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பஸ்ரிச்சாவும் ஸ்டீவன்சனும் ஆராய்ந்த இந்தியர்கள் இருட்குகையைச் சொல்லவில்லை. வாழ்க்கை படம்போல் கண்முன் ஓடுவதற்குப் பதிலாக, செய்தவை எழுதிய ஏடு இங்கே வருகிறது. அமெரிக்கர் ஒருவர், பிள்ளைகளுக்காகத் திரும்பி வந்தேன் என்பார். நம் நாட்டவர், கணக்கில் பிழை என்று திருப்பி அனுப்பப்பட்டேன் என்பார். திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காகக் காலனைக் காலால் உதைத்த பெருமானை ஆண்டுதோறும் வணங்கி, அறுபதுக்கும் எண்பதுக்கும் அங்கேயே மாலை மாற்றிக்கொள்ளும் மக்கள் நாம். ஸ்ரீவாஞ்சியத்தில் எமனுக்கென்றே சந்நிதி வைத்து, அவருக்கு முதல் வணக்கம் செலுத்திவிட்டு உள்ளே போகிறவர்கள் நாம். சாவின் வாசலில் நிற்கும்போது நம் மனத்தில் பாசக்கயிறும் ஏடும் எழுவதில் வியப்பில்லை. ஆகவே, எல்லோரும் ஒன்றையே காண்கிறார்கள் என்று சொல்லி மறுமையை நிறுவப் பார்ப்பதும் சரியன்று. ஊருக்கு ஊர் வேறுபடுகிறது என்பதைக் காட்டி முழுவதும் கற்பனை என்று தள்ளுவதும் சரியன்று. வலி அறுதல், காலம் குலைதல், இறந்தவரைக் காணுதல், ஓர் எல்லையிலிருந்து திரும்புதல் ஆகியவை ஊர் எல்லைகளைத் தாண்டி நிற்கின்றன. எல்லையில் நிற்பது வேலியா மதகா என்பதும், திருப்பி அனுப்பியவர் யார் என்பதும்தான் மாறுகின்றன.

மூளையை வைத்துத் தரப்படும் விளக்கங்களை நான் மதிக்கிறேன். அவற்றை அறியாமல் இந்தப் பொருளைப் பேசக்கூடாது. போர் விமானிகளைச் சுழல் எந்திரத்தில் வைத்துச் சுற்றும்போது, தலைக்கு ரத்தம் குறைந்து பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக் குகை போல் ஆகி, பிறகு நினைவு தப்புகிறது. 2002இல் சுவிட்சர்லாந்தில் நரம்பியல் மருத்துவர் ஓலாஃப் பிளாங்கேயும் உடன் பணியாற்றியவர்களும், வலிப்பு நோய்க்காகச் சோதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் மூளையில் வலப்பக்கக் கோண மேடு எனப்படும் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, அவர் தம் உடலை மேலிருந்து கண்டதாகச் சொன்னார். கெட்டமின் என்னும் மயக்க மருந்தும் இதையொத்த அனுபவங்களைத் தருகிறது. 2023இல் அமெரிக்காவில் மூளை ஆய்வாளர் ஜிமோ போர்ஜிகின் குழுவினர், வென்டிலேட்டர் அகற்றப்பட்ட நான்கு பேரில் இருவரின் மூளையில் இறக்கும் தறுவாயில் காமா அலைகள் எனப்படும் வேகமான மின்னலைகள் திடீரென எழுந்ததைப் பதிவு செய்தார்கள். ஆனால் அந்த இருவரும் பிழைக்கவில்லை. என்ன கண்டார்கள் என்று சொல்ல அவர்கள் இல்லை. இப்படி ஒவ்வொரு விளக்கமும் ஒவ்வொரு கூறைத் தொடுகிறது. குகையை விளக்குவது அம்மாவை விளக்குவதில்லை.

மறுபுறம், மேலிருந்து பார்த்தேன் என்பதைச் சோதிக்கவும் முயன்றிருக்கிறார்கள். மருத்துவர் சாம் பார்னியா தலைமையில் பல நாட்டு மருத்துவமனைகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கூரையருகே இருந்து பார்த்தால் மட்டுமே தெரியும்படி படங்களை வைத்த தட்டுகளைப் பொருத்தியிருந்தார்கள். 2,060 இதய நிறுத்தங்களில் பிழைத்து நேர்காணலுக்குத் தக்க நிலையில் இருந்தவர்கள் 140 பேர் மட்டுமே. தம்மைச் சுற்றி நடந்ததைக் கண்டும் கேட்டும் நினைவில் வைத்திருந்தவர்கள் இருவர். அந்த இருவருக்கும் இதயம் நின்றது தட்டு பொருத்தப்படாத இடத்தில். ஆக, அந்தச் சோதனை முடிவு காணவே இல்லை. தங்கள் கட்டுரை இந்த ஆய்வையே ‘அறிவியல் ஒப்புக்கொண்டது’ என்று எழுதியிருந்தது எனக்கு வருத்தம் தந்தது.

இங்கே, டெல்டாவில் பணியாற்றிய ஒருத்தியாக நான் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மரண விளிம்பு அனுபவம் என்று சொல்லப்படும் எல்லாமும் அது ஆகாது. அறுவடைக் காலத்தில் களத்திலும் திண்ணையிலும் தரையில் படுத்து உறங்குகிறவர்களைக் கட்டுவிரியன் கடிக்கிறது. கடித்த இடத்தில் வீக்கமோ பெரிய வலியோ இருப்பதில்லை. விடியற்காலையில் வயிற்று வலி, இமை சரிவு, விழுங்க முடியாமை, பிறகு மூச்சுத் திணறல். நஞ்சு நரம்பும் தசையும் கூடும் இடத்தைத் தாக்குவதால் கை அசையாது, இமை திறக்காது, கண்ணின் பாவைகூட ஒளிக்குச் சுருங்காமல் இருக்கக்கூடும். பார்ப்பவருக்குப் பிணம். ஆனால் மூளை விழித்திருக்கலாம். வென்டிலேட்டரில் வைத்து நஞ்சுமுறி மருந்து கொடுத்தால் சில நாட்களில் எழுந்து உட்காருவார்.

அப்படி வந்த ஓர் இளைஞனின் படுக்கையருகே நின்று, “மெஷின்தான் மூச்சு விடுது; பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குக் கொண்டு போயிடலாமா?” என்று அவன் சித்தப்பா கேட்டார். அருகில் நின்ற நாங்களும், அவனுக்குக் கேட்கும் என்ற எண்ணமே இல்லாமல், பிழைப்பது கடினம் என்று பேசிக்கொண்டோம். ஐந்தாம் நாள் குழாய் எடுத்த பிறகு அவன் சொன்னான்: “நீங்க பேசினது பூரா கேட்டுச்சு சிஸ்டர். நான் இருக்கேன்னு சொல்லப் பார்த்தேன், நாக்கு அசையல.” அதன் பின் அவன் சித்தப்பாவோடு பேச மறுத்ததையும், அவர் வார்டு வாசலில் உட்கார்ந்து அழுததையும் நான் மறக்கவில்லை. இது மறு உலகம் போய் வந்த கதை அன்று. உடல் பூட்டப்பட்ட நிலையில் காது திறந்திருந்த கதை. இரண்டையும் பிரித்து அறியாவிட்டால், ‘செத்தவன் நாங்கள் பேசியதைச் சொன்னான்’ என்று ஊரில் அதிசயம் கிளம்பும். படுக்கையருகே நாவை அடக்கிப் பேச வேண்டும் என்ற பாடம் மட்டும் யாருக்கும் போய்ச் சேராது.

இன்னொன்றும் தங்கள் பக்கங்களில் விடுபட்டுப்போனது. எல்லா அனுபவமும் இன்பமானது அன்று. 1992இல் கிரேசனும் நான்சி எவான்ஸ் புஷ்ஷும் அச்சமூட்டும் அனுபவங்கள் ஐம்பதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒளியும் வேகமுமே சிலருக்குத் திகிலாகின்றன. சிலருக்கு யாருமற்ற வெறுமை. வெகு சிலருக்கு நரகம் போன்ற காட்சிகள். கொள்ளிடத்தில் மூழ்கி மீட்கப்பட்ட ஒரு பெண்மணி, ஒளியும் இல்லை, ஒருவரும் இல்லை, முடிவில்லாத இருட்டில் தனியே கிடந்தேன் என்றார். அதைக் கேட்ட அவர் மாமியார், “என்ன பாவம் பண்ணியோ” என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் அவரைப் பல மாதங்கள் தூங்கவிடவில்லை. நல்லவருக்கு ஒளி, கெட்டவருக்கு இருட்டு என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்பதைத் தாங்கள் ஒருமுறையேனும் கொட்டை எழுத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிழைத்து வந்தவர்களுக்கு நாம் செய்வது என்ன? ஒரு சிற்றூரில், எமலோகம் கண்டவர் என்று ஒருவரைத் திண்ணையில் உட்கார வைத்துக் குறி கேட்டார்கள். வாரம் செல்லச் செல்ல அவர் கதையில் புதிய மண்டபங்கள் எழுந்தன. நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், தாம் கண்டதைச் சொல்லத் தொடங்கிய ஒரு தலைமையாசிரியரை, “எல்லாம் மருந்து மயக்கம் சார், மறந்துடுங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் அதன்பின் மனைவியிடம்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் வரும் மனக்குழப்பத்தை நாங்கள் நன்கு அறிவோம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், குழாயைப் பிடுங்குவார்கள், தெளிந்தபின் பாதி மறந்திருக்கும். அவர் சொன்னது அவ்வகையைச் சேர்ந்ததன்று. கோவையாக, நிதானமாக, இதை உங்களுக்குச் சொல்லச் சொற்கள் இல்லை என்ற தயக்கத்தோடு சொன்னார். ஆறு ஆண்டுகள் கழித்து ஒரு திருமணத்தில் அவரைக் கண்டபோது, நானாகக் கேட்டேன். சொல்லுக்குச் சொல் அதையே சொன்னார்.

எனவே மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். தாங்கள் இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, ‘நிரூபணம்’, ‘பிதற்றல்’ ஆகிய இரு சொற்களையும் தலைப்பில் தவிர்க்க வேண்டும். நம் மாவட்ட மருத்துவமனைகளில், இதயம் நின்று மீண்டவரை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முன், “நினைவில்லாமல் இருந்த நேரத்தில் ஏதாவது நினைவிருக்கிறதா?” என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே, உறவினரும் ஊராரும் அதற்கு உருக்கொடுப்பதற்கு முன்பே, கேஸ் ஷீட்டில் எழுதி வைக்க வேண்டும், இதற்குப் பணமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாட்டுப்புறவியல் துறை இருக்கிறது. ஊர்தோறும் செத்துப் பிழைத்தவர்களைப் பற்றி வழங்கும் கதைகளை, சொல்லும் முதியவர்கள் இருக்கும்போதே, அத்துறை மாணவர்கள் திரட்டினால், பஸ்ரிச்சா வடக்கே கண்டதற்கும் காவிரிக் கரையில் வழங்குவதற்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை நம் மொழியிலேயே ஆராயலாம்.

என் குறிப்பேட்டில் இருபதுக்குச் சற்றுக் கூடுதலான வாக்குமூலங்கள், பெயரில்லாமல், தேதியோடு இருக்கின்றன. சில பக்கங்களில் நான் அவசரத்தில் எழுதிய கையெழுத்து எனக்கே புரியவில்லை. அவற்றை நினைவிலிருந்து நிரப்பாமல் அப்படியே விட்டிருக்கிறேன். பொறுப்போடு இதை எடுத்துச் செய்ய முன்வருபவர் யாராயினும், தங்கள் அலுவலகத்தின் வழியாகக் கேட்டால், மூலத்தையே ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம் வட்டம்.